என் குதிரையைப் பகிர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறேன் – வேலூர் பக்கத்துக்காரர்கள் யோசனை சொல்லுங்கள்

விரிஞ்சிபுரத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நம் மாவட்டத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு. அக்கம்பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, அதனால்தான் இங்கே வந்தேன்.

என்னிடம் செவ்வந்தி என்று ஒரு பெண் குதிரை இருக்கிறாள். கத்தியவாரி இனக் கலப்பு, எட்டு வயது, எடை 350 கிலோ பக்கம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை, அதை ஒட்டி வேலி போட்ட கொல்லை. அங்கே அவிழ்த்து விட்டால் காலாற நடப்பாள். நல்ல குணம்தான். ஆனால் பட்டாசுச் சத்தம் ஆகாது. பின்பக்கமாக யாராவது ஓசையில்லாமல் வந்தால் காலைத் தூக்கிவிடுவாள்.

எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. இனி சனி, ஞாயிறுதான் ஊரில் இருப்பேன். அப்பா புல் போடுவார், தண்ணீர் காட்டுவார். முழங்கால் தேய்மானம் இருப்பதால் குனிந்து குளம்பு சுத்தம் செய்வதும், கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவதும் அவரால் ஆகாது. விற்கிற எண்ணம் அறவே இல்லை. வாரத்தில் மூன்று நாலு நாள் வந்து, அவளைத் தேய்த்துவிட்டு, ஏறி ஓட்டிப் பழகுகிற ஒருவர் கிடைத்தால் அவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி.

பேச்சு வெளியே போனதுமே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம், வரும்படியில் பாதி தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பள்ளிகொண்டா பக்கம் தன் தோட்டத்துக்கே ஓட்டிப்போய் ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறேன், செலவெல்லாம் என்னுடையது என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஆளை எப்படிப் பார்த்து எடைபோடுவது? காசு வாங்கலாமா? எழுதிக்கொள்ள வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காடு ஜட்கா வீடு:

தங்கச்சி, எங்கள் தாத்தா வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கும் ஆற்காட்டுக்கும் ஜட்கா ஓட்டியவர். இப்போது வண்டி இல்லை. ஒரு மட்டக்குதிரை மட்டும் ஆசைக்கு வைத்திருக்கிறேன்.

முதல் பேச்சு இதுதான்: செவ்வந்தி உன் கொட்டகையை விட்டு வெளியே போகக்கூடாது. வேண்டும் என்கிறவர் அவளிடம் வரட்டும். உன் அப்பாவால் குளம்பு எடுக்க முடியாமல் போகலாம், ஆனால் தினமும் கண்ணால் பார்க்கிறாரே, அதற்கு மேல் காவல் ஏது? இன்று சாணம் இளகலாக இருக்கிறது, தீனி மிச்சம் வைத்திருக்கிறாள் என்று உடனே சொல்ல அவர் இருக்கிறார். பள்ளிகொண்டாவில் யார் இருக்கிறார்கள்?

அடுத்தது, வருகிற ஆளை எடுத்தவுடனே ஏறச் சொல்லாதே. ஏறி உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றுவதைப் பலரும் செய்துவிடுவார்கள். "குளம்பு எடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்று பார். பழகின ஆள் முதலில் முகத்துப் பக்கம் வந்து குரல் கொடுப்பார். அப்புறம் தோளை ஒட்டி, குதிரையின் வால் பக்கம் பார்த்தபடி நிற்பார். தோளிலிருந்து முழங்கால் வழியாகக் கையைத் தடவிக்கொண்டே இறக்கி, கணுவுக்கு மேலே லேசாக அழுத்துவார். குதிரை தானே காலைத் தரும். கொக்கியைக் குதிகால் பக்கம் வைத்து நுனிப் பக்கம் இழுப்பார். நடுவில் இருக்கிற முக்கோண மெத்தையைக் குத்தமாட்டார், அதன் இரண்டு ஓரப் பள்ளத்திலும் அடைந்திருக்கிற சாணியையும் சரளைக் கல்லையும் மட்டும் எடுப்பார். கடைசியில் முகர்ந்து பார்ப்பார், ஏனென்றால் குளம்பு அழுகல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே மூக்குக்குத் தெரியும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம்தான். ஆள் யார் என்று அதிலேயே தெரிந்துபோகும்.

காலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறவரையும், நேரே பின்னங்கால் பக்கம் நடந்து போகிறவரையும் காபி கொடுத்து அனுப்பிவிடு.

லாடம் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கள் கிடைப்பார்கள். மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது, லாடம் இரண்டு துண்டு. குதிரைக்கு ஒரே வளைவு. ஆணி குளம்பின் அடியில் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் இறங்க வேண்டும். உள்ளே போனால் அன்றைக்கே நொண்டும். அதனால் பார்த்துக்கொள்ள வருகிறவர் தன் இஷ்டத்துக்கு லாடக்காரரைக் கூட்டி வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு.

ஆம்பூர் வாசி:

கல்யாண ஊர்வலம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அண்ணன் தன் வெள்ளைக் குதிரையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருந்தார். காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொள்கிறேன் என்றுதான் கேட்டு வாங்கினார். நாளாக ஆக, அது ராத்திரி ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறொருவர் வாட்ஸ்அப்பில் வைத்த கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஜிகினாச் சேணம், பேண்டு வாத்தியம், ஜெனரேட்டர் விளக்கு, காலுக்கடியில் சரவெடி. திரும்பி வந்தபோது பிடரி முடிகிற இடத்து எலும்பின் மேல் எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். அலங்காரச் சேணத்துக்கு அடியில் மெத்தை போடாமல் கட்டியதால் வந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் இன்றும் சேணத்தைக் கண்டால் காதைப் பின்னால் மடக்குகிறது.

இப்படித் தொழில் செய்கிற எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. குதிரைக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடுகிறவர்களும் ஆம்பூரில் இருக்கிறார்கள். ஆனால் அது பழக்கப்படுத்தின குதிரைக்கான வேலை. பட்டாசுக்குப் பயப்படுகிற உங்கள் குதிரைக்கு ஆகாது. ஊர்த் திருவிழாவுக்குக் கேட்டு வருவார்கள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கேட்பார்கள், தை மாசி ஆனால் எருது விடும் விழாவில் நிறுத்திப் படம் எடுக்கக் கேட்பார்கள். எதற்கும் அனுப்பக்கூடாது என்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

குடியாத்தம் வக்கீல்:

எழுத்தில் போடுவது பற்றி நான் சொல்கிறேன். உடைமையை விற்காமல் இன்னொருவர் கையில் ஒப்படைப்பது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-வது பிரிவிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியில் சட்டம் எழுதியவர்கள் உதாரணம் சொல்ல எடுத்துக்கொண்டது பல இடங்களில் குதிரையைத்தான். அந்தக் காலத்தில் இரவல் போன பெரிய சொத்து அதுதானே.

உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

150-வது பிரிவு உங்கள் கடமை. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, அது ஓடி, ஏறியவர் விழுந்து அடிபட்டால், கொடுத்தவர்தான் பொறுப்பு என்று அதில் உதாரணமே இருக்கிறது. பின்னால் வந்தால் உதைப்பாள், வெடிச் சத்தத்துக்கு மிரளுவாள் என்று இங்கே எழுதினீர்களே, அதை அப்படியே ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். குணத்தை மறைத்து ஆள் பிடிக்க வேண்டாம்.

154-வது பிரிவு எதிர்ப் பக்கத்தின் கடமை. ஒருவர் தான் மட்டும் ஏறுவதற்காகக் குதிரையை வாங்கிக்கொண்டு, தன் குடும்பத்தில் ஒருவரை ஏற விடுகிறார். அந்த நபர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், இருந்தும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. அப்போதும் வாங்கினவர் நஷ்ட ஈடு தர வேண்டும். "தம்பி ஒரு ரவுண்டு போகட்டுமே" என்கிற பேச்சுக்கு இதுதான் பதில்.

153-வது பிரிவு, ஆம்பூர் நண்பர் சொன்ன மாதிரி நடந்தால். ஏறி ஓட்ட வாடகைக்கு வாங்கிய குதிரையை வண்டியில் பூட்டினால், சொந்தக்காரர் விரும்பினால் அந்த நிமிஷமே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று உதாரணம் இருக்கிறது. ஊர்வலத்துக்கு ஓட்டிப்போவதும் இதே வகைதான்.

இன்னொன்று, 18 வயது நிரம்பாதவர் போடும் கையெழுத்து செல்லாது. பையனோ பெண்ணோ ஆர்வமாக இருந்தால் அப்பா அம்மாவோடுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

லெஸ்டரிலிருந்து வேலூரான்:

நான் காகிதப்பட்டறைக்காரன், இப்போது இருப்பது இங்கிலாந்தில். இங்கே இது சர்வசாதாரணம். முழுதாகக் கொடுப்பது ஒன்று, குதிரை வாங்குபவரின் லாயத்துக்கே போய்விடும். பகுதியாகப் பகிர்வது இன்னொன்று, குதிரை இருந்த இடத்திலேயே இருக்கும், பகிர்பவர் சொன்ன கிழமைகளில் வந்து லாயத்தைக் கூட்டி, தீனி வைத்து, ஓட்டிவிட்டுப் போவார். வாரத்துக்கு இவ்வளவு என்று செலவில் பங்கும் தருவார். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி இதற்கென்று மாதிரி ஒப்பந்தமே வைத்திருக்கிறது.

இத்தனை இருந்தும் இங்கேயும் ஏமாற்று உண்டு. முழுதாகக் கொண்டுபோனவர் குதிரையைத் தன்னுடையது என்று சொல்லி விற்றுவிடுவார். ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயமாக இருக்கிற நாட்டிலேயே அப்படி. நம் ஊரில் செவ்வந்திக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? சந்தை ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி எல்லாம் தெரிகிற மாதிரி கிட்டேயும் எடுங்கள். ஆற்காட்டு அண்ணன் சொல்வதுதான் சரி, வெளியே அனுப்பாதீர்கள்.

இங்கே நான் பார்த்து எனக்குப் பிடித்தது பரீட்சைக் காலம். நாலு முதல் ஆறு வாரம் இரண்டு பக்கமும் பழகிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மனத்தாங்கல் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். முதல் நாள் சொந்தக்காரர் ஏறி ஓட்டிக் காட்டுவார், அப்புறம்தான் வந்தவர் ஏறுவார். சொந்தக்காரரே ஏற யோசிக்கிற குதிரையில் மற்றவர் ஏறக்கூடாது, சரிதானே?

காசு வாங்குங்கள். காசு கொடுப்பவருக்குத்தான் பொறுப்பு வரும். சும்மா கிடைத்தால் மழை பெய்தால் வரமாட்டார், மாமா வீட்டுக் கல்யாணம் என்றால் வரமாட்டார்.

ஆற்காடு ஜட்கா வீடு:

தம்பி, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. காசு கொடுத்தவர் மனசில் கணக்கு ஓடும். "மாசம் ரெண்டாயிரம் தர்றேன், நாலு நாள் வந்தேன், இன்னைக்கு அவ நொண்டுறான்னு ஏறக்கூடாதுன்னா எப்படி?" என்பார். குதிரை சுகமில்லாத நாளில் ஏறாமல் தேய்த்துவிட்டு மட்டும் போகிற மனசு வேண்டும். அந்த மனசு காசு கொடுத்தால் வராது, உழைத்தால்தான் வரும். சாணி அள்ளட்டும், தொட்டி கழுவட்டும், அதுவே கூலி.

குடியாத்தம் வக்கீல்:

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் ஆற்காட்டு ஐயா பக்கம் சாய்கிறது. 150-வது பிரிவின் கடைசி வரியைப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தால், உங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் விட்டதற்குத்தான் நீங்கள் பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்தால், உங்களுக்கே தெரியாத குறைக்கும் நீங்கள் பொறுப்பு. காசு கைமாறியதும் உங்கள் சுமை கூடிவிடுகிறது.

திருப்பிக் கேட்கும் உரிமையும் அப்படித்தான். 159-வது பிரிவின்படி, இலவசமாகக் கொடுத்ததை, ஒரு வருஷத்துக்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். உங்கள் பேச்சை நம்பி எதிர்த் தரப்பு ஏதாவது செய்து, திடீரென்று திருப்பித் தருவதால் அவருக்கு அடைந்த பலனை விட நஷ்டம் அதிகமானால், அதை மட்டும் நீங்கள் ஈடுகட்ட வேண்டும்.

அதனால் மாதாமாதம் ஒரு தொகை என்று வாங்காதீர்கள். பகிர்பவர் தன் சேணத் துணி, தன் ஹெல்மெட், தான் உடைத்த சாமான் இவற்றைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். தீனி, லாடம், மருத்துவம் உங்களுடையது என்று எழுதுங்கள்.

கால்நடை மருத்துவர், ஆரணி:

நல்ல இழை. ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குதிரையின் உடம்பைப் பற்றிச் சில விஷயங்கள் தெரியாவிட்டால் ஆபத்து. மாடு வளர்த்துப் பழகிய ஊர் நமது, குதிரையை மாட்டைப் போலவே நினைத்துவிடுகிறோம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கல் வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, காரணமில்லாமல் வியர்ப்பது, சாணம் நின்றுபோவது, இதில் எது தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாளைக் காலை பார்க்கலாம் என்ற பேச்சு கூடாது. அரசு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அதைக் கொட்டகைச் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் பகிர்பவரே மருத்துவரை அழைக்கலாம், செலவு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் அனுமதிக்காகக் காத்திருந்து குதிரை போய்விடக்கூடாது.

தீனியை யாரும் ஆசைக்காக மாற்றக்கூடாது. எந்த மாற்றமும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கோழித் தீவன மூட்டையைக் குதிரைக் கொட்டகைப் பக்கமே வைக்காதீர்கள். ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கிற மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம், இதயத் தசையையே கெடுத்துவிடும். யூரியா கலந்த மாட்டுத் தீவனமும் வேண்டாம். கோ-4 மாதிரி நேப்பியர் புல்லை மட்டும் போட்டு வளர்த்தால் அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், நாளடைவில் முகத்து எலும்பு வீங்கும், நடை தடுமாறும். அருகம்புல் நல்லது. கால்சியத்துக்குக் குதிரைமசால் கொஞ்சம் சேருங்கள், பேரிலேயே குதிரை இருக்கிறது. கொள்ளு கொடுத்தால் ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள், அளவாக.

எடை விஷயம். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 350 கிலோவுக்கு 70 கிலோ வருகிறது. சேணம் எட்டு பத்து கிலோ போனால் ஆள் 60-க்குள் இருப்பது நல்லது. நம் வெயிலுக்கு இன்னும் குறைந்தாலும் நல்லதுதான். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

சூடாக இருக்கும் குதிரைமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. பச்சைத் தண்ணீரை மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். குடிக்கவும் கொடுக்கலாம்.

வேறு குதிரைகளோடு பழகுகிற ஆளாக இருந்தால் ஒன்று கேளுங்கள்: அங்கே யாருக்காவது காய்ச்சல், மூக்கில் சளி, தோலில் கட்டி இருக்கிறதா? கிளாண்டர்ஸ் என்கிற நோய் மனிதர்களுக்கும் தொற்றும். அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். அதனால் மற்ற லாயத்தில் பயன்படுத்திய கடிவாளம், துணி, தேய்க்கும் பிரஷ் எதுவும் உங்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது. செவ்வந்திக்கு டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாளாகிறது என்றும் பாருங்கள். டெட்டனஸ் குதிரையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

விரிஞ்சிபுரத்துக்காரி:

டாக்டர் சார், மிக்க நன்றி. பக்கத்து வீட்டில் கோழிப்பண்ணை வைக்கப் போகிறார்கள், நீங்கள் சொன்னது இப்போதே உதவும். ஊசி போட வேண்டிய நேரம் தாண்டப் போகிறது, இந்த வாரமே போட்டுவிடுகிறேன்.

வக்கீல் சார் சொன்ன 154-வது பிரிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க" என்றார். பள்ளிகொண்டாக்காரருக்கும் ஊர்வலக்காரருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

சத்துவாச்சாரி நர்ஸ்:

அக்கா, வணக்கம். நான் கேட்க வந்தவள்தான், ஆனால் மேலே இருப்பதையெல்லாம் படித்த பிறகுதான் தைரியம் வந்தது. வயது 24. கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தேன். அங்கே ஏறுவதை விட லாயம் கழுவினதுதான் அதிகம். நடை, ட்ராட் (துள்ளு நடை), கேண்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றும் வரும். தாண்டல் பழகவில்லை, ஆசையும் இல்லை. எடை 54. ஹெல்மெட் என்னுடையது இருக்கிறது, பைக் ஹெல்மெட் இல்லை, குதிரையேற்றத்துக்கானது. ஷூவுக்குக் குதி உண்டு.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி ட்யூட்டி வரும். அந்த வாரம் என்னால் நாலு நாள் வர முடியாது, இரண்டு நாள்தான். ட்யூட்டி அட்டவணை மாதக் கடைசியில் வந்துவிடும், முன்கூட்டியே உங்களுக்கு அனுப்பிவிடுவேன்.

பாலாற்று மணலில் ஓட்டலாமா என்று தெரிந்துகொள்ள ஆசை. வீட்டிலிருந்து ஆறு பக்கம்தானே?

ஆற்காடு ஜட்கா வீடு:

பாப்பா, உன் குறையை நீயே முதலில் சொன்னாய் பார், அது எனக்குப் பிடித்தது. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் நேரே வந்து ஏறாதே. தூக்கக் கலக்கத்தில் வயிற்று வாரை ஒரு துளை தளர்வாகக் கட்டினால் போதும், சேணம் சரிந்துவிடும். அந்த வாரம் வந்தால் தேய்த்துவிட்டு, கொல்லையில் நடத்திவிட்டுப் போ.

ஆற்று மணல் வேண்டாம். மேலே பஞ்சு மாதிரி இருக்கிற மணலில் கால் புதைந்து புதைந்து எழும்போது முன்னங்கால் தசைநார் இழுத்துக்கொள்ளும். அந்த வீக்கம் வந்தால் மாசக்கணக்கில் குதிரை நிற்க வேண்டும். நடுவில் மணல் அள்ளின பள்ளம் வேறு. கரையோரம் கெட்டியான மண் பாதை இருக்கும், அதில் நடத்து. நெடுஞ்சாலைப் பக்கம் போகவே போகாதே. 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, வெள்ளைக்காரக் குதிரைப்படை எங்கள் ஆற்காட்டிலிருந்து ஒரே மூச்சில் அந்த வழியாக வேலூருக்குப் பாய்ந்தது. அன்றைக்கு மண் ரோடு. இன்றைக்குத் தார், கன்டெய்னர் லாரி, ஏர் ஹாரன். செவ்வாய்க்கிழமை சந்தை வண்டிகள் வேறு. அந்த நாளை ஓய்வு நாளாக வைத்துவிடு.

தண்ணீர் ஊற்றுவது பற்றி டாக்டர் சொன்னது எங்கள் வழக்கத்துக்கு மாறு. ஆனால் படித்தவர் சொல்கிறார், என் குதிரைக்கும் செய்து பார்க்கிறேன்.

லெஸ்டரிலிருந்து வேலூரான்:

நர்ஸ் தங்கையிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். கல்யாணம், வெளிநாட்டு வேலை என்று ஆறு மாதத்தில் கிளம்புகிற திட்டம் இருக்கிறதா? தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, முன்பு பழகிய இடத்தில் யாரிடமாவது விசாரிக்கலாமா?

சத்துவாச்சாரி நர்ஸ்:

அண்ணா, வெளிநாட்டுக்குப் பரீட்சை எழுதும் எண்ணம் இருக்கிறது, ஆனால் அடுத்த வருஷத்துக்கு முன்னால் இல்லை. போவதானால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவேன். என்.சி.சி.யில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரின் எண்ணை அக்காவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

விரிஞ்சிபுரத்துக்காரி:

அவரிடம் பேசிவிட்டேன். "குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு நாளிலும் வந்து நிற்கும் பொண்ணு" என்றார். சனிக்கிழமை நேரிலும் வந்தாள். ஆற்காட்டு அண்ணன் சொன்னபடி ஏறச் சொல்லவில்லை, குளம்பு எடுக்கச் சொன்னேன். கொட்டகை வாசலிலேயே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். வலது பின்னங்காலைத் தொட்டதும் செவ்வந்தி ஒரு தடவை காலை உதறினாள். இவள் கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை, அப்படியே குளம்போடு கையையும் போகவிட்டு, அமைதியான பிறகு தூக்கினாள். பள்ளத்தில் ஒரு சரளைக் கல் ஆழமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் நான் ஏறிக் காட்டினேன், அவளும் ஏறினாள். கை மிருதுவான கை, கடிவாளத்தில் தொங்கவில்லை.

ஆறு வாரம் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். காசு கிடையாது. ஒரு நோட்டு போட்டு கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். வந்த நேரம், சாணம், தண்ணீர், நடை, ஏதாவது காயம் எல்லாம் யார் வந்தாலும் எழுத வேண்டும், அப்பாவும் உட்பட. வக்கீல் சார், ஒப்பந்தத்தில் வேறு என்ன சேர்க்க வேண்டும்?

குடியாத்தம் வக்கீல்:

சேணம், கடிவாளம், அங்கவடி (ஏறிக் கால் வைக்கும் வளையம்) எல்லாவற்றுக்கும் இன்றைய நிலைமையோடு ஒரு பட்டியல் இணையுங்கள், படத்தோடு. விலகுவதற்கு இரு பக்கமும் எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்று எழுதுங்கள். குதிரையின் உடம்புக்குக் கேடு என்றால் முன்னறிவிப்பு இல்லாமலே நிறுத்தலாம் என்பதையும் சேருங்கள். குட்டி போட வைப்பது, விற்பது, அடகு வைப்பது, ஊரை விட்டு வெளியே கொண்டுபோவது எதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு வரி. நொண்டுகிற, புண் பட்ட குதிரையை வேலை வாங்கினால் 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு அனுமதித்த சொந்தக்காரருக்கும் அது பொருந்தும். அதனால் நடையில் சந்தேகம் வந்தால் அன்று ஏறுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டதாக எழுதுங்கள்.

விழுந்து அடிபட்டால் என்ன செய்வது என்றும் இப்போதே பேசிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, அதில் குதிரையேற்றத்தை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று பாலிசியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பிரதி, இரண்டு சாட்சி. ஒரு சாட்சி உங்கள் அப்பாவாக இருக்கட்டும், தினமும் பார்ப்பவர் அவர்தானே.

சத்துவாச்சாரி நர்ஸ்:

பாலிசியைப் பார்த்துவிட்டேன் சார். சாகச விளையாட்டு என்று போட்டு குதிரையேற்றத்தை விலக்கியிருக்கிறார்கள். வேறு பாலிசி விசாரிக்கிறேன். அது கைக்கு வரும் வரை ஏறுவதில்லை, நடத்துவதும் தேய்ப்பதும் மட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஆற்காடு ஜட்கா வீடு:

நல்லது பாப்பா. தங்கச்சி, லாடம் அடித்து எத்தனை வாரம் ஆகிறது? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும். எங்கள் ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டை வருகிறார். அங்கிருந்து உங்கள் ஊருக்கு நானே கூட்டி வருகிறேன், அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு. ஆணி எங்கே இறங்குகிறது, எங்கே இறங்கக்கூடாது என்று அவள் கிட்ட இருந்து பார்க்கட்டும்.